பதினெட்டு முழத்தில் தண்ணீர்

ஞானம்மாள் நல்லவள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, போகப் போகச் சொல்ல இடம் கிடைக்காது. வாசலில் யார் வந்து நின்றாலும் ஒரு சொம்பு மோர் கொடுக்காமல் அனுப்பமாட்டாள். ஊரில் யாருக்குப் பிரசவ வலி என்றாலும் கூப்பிடாமலே போய் நிற்பாள். பொய் பேசத் தெரியாது. புறம் பேசத் தெரியும், ஆனால் அதையும் சம்பந்தப்பட்டவர் காதில் விழுகிற மாதிரி உரக்கத்தான் பேசுவாள். இந்த உலகத்தில் அவளுக்கு ஆகாத ஆள் ஒருத்திதான். புருஷனின் தம்பி நாகராஜனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஓரகத்தி வரலட்சுமி.

காரணம் கேட்டால் ஞானம்மாளுக்கே சொல்ல வராது. அறுபத்திரண்டில் திருவாலங்காட்டிலிருந்து அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று, வண்டியின் அச்சு முறிந்து பாதி வழி நடந்து வந்தாள். இரண்டு வருஷம் கழித்து நகரியிலிருந்து வரலட்சுமி வந்த அன்று மழை பெய்தது. அதுவும் சும்மா தூறல் இல்லை, மூன்று மாசமாக எட்டிப் பார்க்காத மழை. மாமனார் சந்தோஷத்தில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தெருவில் நின்று நனைந்தார். மகாலட்சுமியே வந்துவிட்டாள் என்று ஊர் சொன்னது. அச்சு முறிந்த வண்டியில் வந்தவள் ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அன்றைக்குப் பற்றிக்கொண்ட வயிறு.

திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் போகிற ரோட்டை ஒட்டி அவர்கள் நிலம். ரோட்டோரத்தில் மேட்டுக்கொல்லை, அங்கிருந்து ஆறு வரப்பு இறங்கினால் பள்ளத்துக்கொல்லை. மாமனார் போன பிறகு பாகம் பிரித்தபோது, மூத்தவன் சிவப்பிரகாசத்துக்கு மேட்டுக்கொல்லையும் அதிலிருந்த பழைய கிணறும் வந்தன. இளையவனுக்குப் பள்ளம். அதில் அன்றைக்குக் கூழாங்கல்லும் நெருஞ்சியும் தவிர ஒன்றுமில்லை. பழைய கிணற்றில் வாரத்துக்கு இரண்டு நாள் இளையவன் வீட்டார் கவலை இறைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. ஞானம்மாள் அப்போது ஐந்து வருஷம் நிம்மதியாக இருந்தாள். அவளுடைய வாழ்க்கையிலேயே நல்ல காலம் எதுவென்றால் அதுதான்.

கவலை என்பது மாடு கட்டி, தோல் பையால் தண்ணீர் இறைப்பது. விடியற்காலையில் மாட்டைப் பூட்டினால் வெயில் ஏறும்வரை இழுக்கும். அதற்கு மேல் அடித்தாலும் நகராது. மாடு களைத்துப் படுத்த நேரத்தில் கிணறு ஊறிக்கொள்ளும். மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் பழைய படிக்கு வந்திருக்கும். மாட்டின் களைப்புதான் கிணற்றுக்குக் காவலாக இருந்தது. இது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, ஞானம்மாளுக்கும் தோன்றவில்லை.

எழுபத்தொன்றில் நாகராஜனுக்கு ரயில்வேயில் கேங்மேன் வேலை கிடைத்தது. மணவூரில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். கொல்லை வரலட்சுமியின் கைக்கு வந்தது. அவள் செய்த முதல் காரியம், பள்ளத்தில் கிணறு வெட்டியது. வெட்டட்டும், கல்லும் மண்ணும்தான் வரும் என்று ஞானம்மாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்து ஆள் ஆழத்தில் பாறை இடுக்கிலிருந்து ஊற்று பீறிட்டு, வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சாமான்களை விட்டுவிட்டு மேலே ஏறி வந்தார்கள். ஊர் கூடிப் போய்ப் பார்த்தது. ஞானம்மாளும் போனாள். தேங்காய் உடைத்து, தண்ணீரில் மஞ்சள் குங்குமம் போட்டு, முதல் செம்பை வரலட்சுமி ஓரகத்தியிடம்தான் நீட்டினாள். ஞானம்மாள் வாங்கிக் குடித்தாள். தண்ணீர் தேனாக இருந்தது. உப்புக் கரித்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் போட்டிக்குப் போட்டிதான். வரலட்சுமி மூன்று குதிரைச் சக்தி மோட்டார் வைத்தாள். ஆறே மாதத்தில் ஞானம்மாள் சிவப்பிரகாசத்தை நச்சரித்து ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் வைத்தாள். கோடையில் ஏரி வற்றினதும் வரலட்சுமி வண்டல் மண் பத்து வண்டி அடித்தால், இவள் பன்னிரண்டு அடிப்பாள். வரலட்சுமியின் வரப்பில் புங்கமரம் தழைத்து, அதன் தழையை அவள் கொல்லைக்கு உரமாகப் போட்டாள். ஞானம்மாளின் வரப்பிலும் புங்கமரம் இருந்தது, ஆனால் அது அங்கே இருப்பது போலத் தழைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு வெட்டி விறகாக்கினாள். அது எப்படித் தழைக்கும், வருஷத்துக்கு மூன்று தடவை மொட்டையடித்தால்?

சிவப்பிரகாசம் சாது. பயிர் வேலை இல்லாத நாளில் திருத்தணியில் கொத்து வேலைக்குப் போவார். வீட்டில் சண்டை வந்தால் கரணையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். நகரிப் பேச்சில் தன்னைப் பாவா என்று கூப்பிடுகிற தம்பி பெண்டாட்டி மேல் அவருக்கு மரியாதை உண்டு என்பதும் ஞானம்மாளின் பட்டியலில் ஒரு குற்றம்.

வரலட்சுமி அப்படி என்னதான் செய்தாள்? சொல்லப்போனால் ஒன்றுமில்லை. கேழ்வரகு போட்டாள், மணிலாக்கொட்டை போட்டாள், மழை பார்த்துக் கொஞ்சம் எள் போட்டாள். மோட்டாரைக் காலையில் போட்டு, கிணற்றில் ஒரு குறிப்பிட்ட கல் தெரிந்ததும் நிறுத்திவிடுவாள். அமாவாசையன்று மாட்டை ஏரில் பூட்டமாட்டார்கள் அல்லவா, அன்றைக்கு மோட்டாரையும் அவள் போடுவதில்லை. மாட்டுக்கு ஓய்வு உண்டென்றால் கிணற்றுக்கும் வேண்டாமா என்பாள். கிணற்றுக்கு லீவு விடுகிற பொம்பளை என்று ஊரில் சிரிப்பாகப் பேசினார்கள். ஞானம்மாள் சிரிக்கவில்லை. இறைக்கிற கிணறுதான் ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்று பழமொழி எடுத்து விட்டாள். பழமொழி பொய்யில்லை. ஆனால் அது மாடு கட்டி இறைத்த காலத்துப் பழமொழி.

எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. ஐப்பசி மொட்டையாகப் போயிற்று, கார்த்திகையில் இரண்டு தூறல். ஊரில் பாதிப் பேர் நிலத்தைச் சும்மா போட்டார்கள். வரலட்சுமி முக்கால் ஏக்கரில் கேழ்வரகு மட்டும் வைத்தாள். அந்த வருஷத்தைப் பார்த்துத்தான் ஞானம்மாள் ஒன்றரை ஏக்கரில் கரும்பு நட்டாள். வெல்லத்துக்கு நல்ல கிராக்கி என்பது அவள் சொன்ன காரணம். வரலட்சுமி கொல்லை காய்ந்து கிடக்கும்போது தன் கொல்லை பச்சையாக ரோட்டில் போகிற பஸ்ஸுக்கெல்லாம் தெரிய வேண்டும் என்பது சொல்லாத காரணம். கரும்பு தண்ணீரை எப்படிக் குடிக்கும் என்று சிவப்பிரகாசம் சொல்லிப் பார்த்தார். பிறகு கரணையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பங்குனிக்குள் கரும்பு இடுப்பளவு வளர்ந்துவிட்டது. அழகான கரும்பு. ஆனால் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினாலே கிணற்றில் சேறு கலங்கியது. வெயில் இன்னும் மூன்று மாசம் இருந்தது. அந்தக் கரும்பு காய்ந்தால் வருஷத்துச் சாப்பாடும் காய்ந்தது, ரோட்டோடு போகிறவர்கள் முன்னால் மானமும் காய்ந்தது. ஞானம்மாள் நாளைக்கு நாலு தடவை தன் கிணற்றை எட்டிப் பார்ப்பாள். பிறகு ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கி வரலட்சுமியின் கிணற்றையும் எட்டிப் பார்ப்பாள். அங்கே தண்ணீர் கிட்டத்திலேயே நின்று வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டு வந்தால் சோறு இறங்காது.

கண்ணால் பார்த்தது போதாதென்று அளந்தும் பார்த்தாள். முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கயிறு தயார் செய்து, நுனியில் ஒரு கல்லைக் கட்டினாள். தன் கிணற்று வாயிலிருந்து விட்டாள், இருபத்துமூன்றாவது முடிச்சில் தண்ணீர். வரலட்சுமி சந்தைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அவள் கிணற்றில் விட்டாள், பதினெட்டாவது முடிச்சில் தண்ணீர். ஐந்து முழம்! தன் தண்ணீருக்கு மேலே ஐந்து முழம் அந்தத் தண்ணீர் நிற்கிறது. ஞானம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்தது. கோபத்தில் வந்தது. கடவுளுக்குக் கண்ணில்லை என்று திருத்தணி மலையைப் பார்த்துச் சொன்னாள்.

அந்தக் கோபத்தில்தான் பங்காரு ஞாபகம் வந்தான். புத்தூர் பக்கத்து ஆள். வற்றின கிணற்றுக்குள் இறங்கி, பக்கவாட்டில் பாறையைத் துளைத்து ஊற்றுத் தேடுகிறவன். சைடு போர் என்பார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் துளை ஒரு நீரோட்டத்தில் போய் முட்டும், தண்ணீர் கொட்டும். எந்தப் பக்கம் துளைப்பது என்பது கிணற்றுக்காரர் இஷ்டம். ஞானம்மாள் எந்தப் பக்கம் சொல்லியிருப்பாள் என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

சித்திரையில் நகரியில் கங்கம்மா ஜாத்திரை. வரலட்சுமி பிறந்த வீட்டுக்கு நாலு நாள் போனாள். சிவப்பிரகாசம் திருத்தணியில் ஒரு சத்திரத்துக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். ஞானம்மாள் ஆள் விட்டுப் பங்காருவை வரவழைத்தாள். அவன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான், சுற்றியிருந்த கொல்லைகளைப் பார்த்தான். அவள் கை காட்டிய திசையில் ஆறு வரப்பு கீழே வரலட்சுமியின் மோட்டார் கொட்டாய் தெரிந்தது.

"மேடு பள்ளம் பாத்துதான் சொல்றீங்களாம்மா?" என்று கேட்டான்.

"கயிறு போட்டு அளந்துட்டேன். அதுல தண்ணி அஞ்சு மொழம் மேல கீது. நீ தொளையப் போடு" என்றாள்.

அவன் கூலிக்காரன். போட்டான். கிணற்றுத் தரையிலிருந்து ஒரு முழம் மேலே, பள்ளத்தைப் பார்த்து. மூன்று நாள் துளைத்தான். கம்பியோடு கம்பி மாட்டி மாட்டி உள்ளே விட்டுக்கொண்டே போனான். மூன்றாம் நாள் மத்தியானம் கம்பி சட்டென்று இளகிக் கொடுத்தது. நீரோட்டத்தில் பட்டுவிட்டது என்று கீழேயிருந்து கத்தினான். கிணற்று மேட்டில் நின்றிருந்த ஞானம்மாள் மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். கம்பிகளை உருவினான். துளையின் வாயில் தண்ணீர் அசைந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த பங்காரு, ஏதோ சரியில்லையே என்கிற முகத்தோடு மேலே ஏறி வந்தான். கூலியை வாங்கிக்கொண்டு சாயங்கால பஸ்ஸுக்கே போய்விட்டான்.

மறுநாள் காலையில் ஞானம்மாள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் இல்லை. தரையில் ஒரு முழம் சேறு, அதில் ஒரு தவளை. நேற்றுவரை கலங்கலாகவாவது இருந்த தண்ணீர் எங்கே போயிற்று? மோட்டாரைப் போட்டாள். அது காற்றை இழுத்து உறுமியது. நிறுத்தினாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதைக் கேள்விப்பட்டிருக்கிறாள். இருந்த தண்ணீர் புறப்பட்டுப் போனதை இப்போதுதான் பார்க்கிறாள்.

ஆளை அனுப்பிச் சிவப்பிரகாசத்தை வரவழைத்தாள். அவர் வந்து கிணற்றுக்குள் இறங்கித் துளையைப் பார்த்தார், அது போகிற திசையைப் பார்த்தார். கொத்தனார்கள் சுவருக்கு மட்டம் பார்க்கிற நீள டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, ஒவ்வொரு வரப்பாக இறங்கி மட்டம் பிடித்துக்கொண்டே போனார். ஆறாவது வரப்பு தாண்டி வரலட்சுமியின் கிணற்று வாய்க்கு வந்தபோது கணக்கு வந்துவிட்டது. பள்ளத்துக் கிணற்றின் வாயே மேட்டுக் கிணற்றின் வாய்க்கு எட்டு முழம் கீழே இருந்தது. அங்கே பதினெட்டு என்றால், இங்கேயிருந்து பார்க்க இருபத்தாறு. வரலட்சுமியின் தண்ணீர் ஐந்து முழம் மேலே இல்லை, மூன்று முழம் கீழே நின்றிருந்தது. தண்ணீர் பள்ளத்துக்குத்தான் போகும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஞானம்மாளே பள்ளத்துக்கு வழி வெட்டிக் கொடுத்திருக்கிறாள்.

"நீ கயித்த அவ கெணத்து வாய்லேர்ந்து வுட்ட. ரெண்டு வாயும் ஒரே மட்டமா, ஞானம்?" என்றார் சிவப்பிரகாசம்.

இருபது வருஷமாக அந்த ஆறு வரப்பையும் நாளைக்கு நாலு தடவை இறங்கி ஏறுகிறவள் அவள். காலுக்குத் தெரிந்த பள்ளம் கைக்குத் தெரியவில்லை. அடுத்தவள் கிணற்றில் எதைப் பார்த்தாலும் கிட்டத்தில் இருப்பதாகத் தெரிகிற கண் அது, அதை என்ன செய்வது.

சிவப்பிரகாசம் மரக்கட்டை செதுக்கித் துளையில் அறைந்து, மேலே சிமென்ட் பூசிப் பார்த்தார். பாறை விரிந்துவிட்டிருந்தது. கிணற்றில் ஊறுகிற கொஞ்ச நஞ்சமும் விரிசலில் வழி கண்டுபிடித்துக் கீழே போய்க்கொண்டேயிருந்தது.

ஜாத்திரை முடிந்து வரலட்சுமி திரும்பி வந்தாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். ஏரி வெடித்துக் கிடக்கிற சித்திரையில், ஊர்க் குடிதண்ணீர்க் கிணறே சேறாகிவிட்ட கோடையில், அவள் கிணற்றில் ஒரு முழம் தண்ணீர் ஏறியிருந்தது. கங்கம்மா கொடுத்தாளோ, தணிகை முருகன் கொடுத்தானோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலமே, குடிக்கத் தண்ணீர் வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஊருக்குச் சொல்லி அனுப்பினாள்.

அடுத்த நாள் மேட்டுக்கு ஏறி ஞானம்மாளின் வாசலுக்கே வந்தாள். கரும்பின் தோகை நுனி அப்போதே சுருள ஆரம்பித்திருந்தது.

"அக்கா, உன் கரும்பு வாடிகினு கீது, பாக்கவே பாவமா கீது. எனக்கு இந்த வருசம் சாமி குடுத்துக்கீறார். பாவாகிட்ட சொல்லு, பைப்பப் போட்டு என் கெணத்துல தெனம் ஒரு மணி நேரம் எடுத்துக்கட்டும்."

ஞானம்மாளுடைய தண்ணீரை அவளுக்கே தானம் கொடுக்க ஒருத்தி படியேறி வந்து நிற்கிறாள், அதுவும் இரக்கப்பட்டு. வேண்டாம், எங்கள் கிணறு ஊறும் என்றாள் ஞானம்மாள். வரலட்சுமி படியிறங்கிப் போனாள். அன்றிலிருந்து ஏழு நாள் ஞானம்மாள் கரும்பு காய்வதைப் பார்த்தாள். தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்கிறவர்கள் உண்டு. இவளுக்கு மூக்கும் போய், சகுனமும் எதிரிக்கு நல்லதாகவே அமைந்துகொண்டிருந்தது.

கரும்புக்கு வேண்டாமென்றாலும் வீட்டுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே. எட்டாம் நாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் பள்ளத்துக்கு இறங்கினாள். கிணற்றைச் சுற்றி இருபது பெண்கள். குடத்தைவிட வாய்தான் அதிகம் நிரம்பிக்கொண்டிருந்தது. மனசு நல்லாயிருந்தால் கிணறும் ஊறும் என்றாள் ஒருத்தி. அமாவாசைக்கு ஓய்வு விட்ட புண்ணியம் என்றாள் இன்னொருத்தி. பொறாமை பிடித்தவள் கிணறு வற்றும், புண்ணியவதி கிணறு ஏறும், கண்ணெதிரே பார்க்கிறோம் என்று அன்னம்மாள் சொன்னாள். அவள் ஞானம்மாள் பின்னால் நிற்பதைப் பார்க்கவில்லை.

ஞானம்மாளால் தாங்க முடியவில்லை. கரும்பு போனதைத் தாங்கினாள், கிணறு போனதைத் தாங்கினாள், இந்தப் புகழ்ச்சியைத் தாங்க முடியவில்லை. அதை நிறுத்த அவளிடம் ஒரே ஒரு வழி இருந்தது, அது தன்னையே கவிழ்க்கிற வழி. தெரிந்தேதான் வாயைத் திறந்தாள்.

"இன்னா புண்ணியம்? இது அவ தண்ணி இல்லடி, என் தண்ணி. பங்காருவக் கூட்டாந்து அவ கெணத்துத் தண்ணிய இழுக்கத் தொள போட்டேன். மட்டம் தெரியாம போட்டேன். என் கெணத்துத் தண்ணி மொத்தமும் இங்க வந்துட்டுது. நீங்க மொண்டுகினு போறீங்களே, அது நான் குடுத்தது."

ராட்டினம் நின்றுவிட்டது. அன்னம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். திருடப் போனதைத் தானே இருபது பேர் நடுவில் சொல்லிவிட்டு, சொன்னதில் ஒரு பெருமையோடும் நிற்கிறவளை ஊர் இதுவரை பார்த்ததில்லை. எல்லோரும் வரலட்சுமியைப் பார்த்தார்கள். மோட்டார் கொட்டாய் நிழலில் கேழ்வரகுக் கதிர் கசக்கிக்கொண்டிருந்த வரலட்சுமி எழுந்து, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தாள். அவள் முகமும் சிவந்திருந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குக் கோபம் வந்ததை ஊர் பார்த்தது. கயிற்றோடு வாளியை எடுத்து ஞானம்மாள் கையில் திணித்தாள்.

"சரிக்கா. உன் தண்ணிதான். எது உன்னுது, எது என்னுதுன்னு பிரிச்சி, உன்னுத எடுத்துகினு போ."

ஞானம்மாள் வாளியோடு குனிந்து பார்த்தாள். தண்ணீர் சாதாரணமாக இருந்தது. வெயில் அதன் மேல் பட்டிருந்தது. இரண்டு முகம் அதில் தெரிந்தன, தண்ணீர் ஒன்றாகத்தான் இருந்தது. எதைப் பிரிப்பாள்? வாளியைக் கீழே வைத்துவிட்டு, குடத்தையும் எடுக்காமல் மேட்டுக்கு ஏறினாள். பின்னால் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திரும்பிச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அவள் விட்டுவந்த குடத்தை நிரப்பி வரலட்சுமியே வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தினம் ஒரு மணி நேரம் என்று முன்பு சொன்ன சொல்லையும் அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் சிவப்பிரகாசம் பைப்பு மாட்டினார். ஒரு மணி நேரத் தண்ணீர் கால் ஏக்கருக்குத்தான் காணும். மீதி ஒன்றேகால் ஏக்கரை ஞானம்மாள் தானே அரிவாள் எடுத்து அறுத்தாள். சர்க்கரை ஏறாத பாதிக் கரும்பு, மாட்டுக்குத்தான் ஆகும். தன் மாட்டுக்கு வைத்துக்கொண்டதுபோக மீதியை வரலட்சுமியின் கட்டுத்தறியில் கொண்டுபோய்ப் போட்டாள். அந்த மாடுகள் தின்பதைப் பார்த்தபோதும் வயிறு எரியத்தான் செய்தது. ஒரே நாளில் மாறிவிட அவள் என்ன சாமியாரா?

அந்தக் கோடை முழுதும் அவள் ஒரு புதுக் கணக்குப் பழகவேண்டியிருந்தது. தன் கிணறு ஊற வேண்டுமானால், ஊறுவது பள்ளத்துக்கு ஓடாமல் நிற்க வேண்டும். அது நிற்க வேண்டுமானால் பள்ளத்துக் கிணற்றில் தண்ணீர் துளையின் மட்டத்தைத் தாண்டி, அதாவது அந்தக் கிணற்றின் பதினேழாவது முடிச்சுக்கு மேல், ஏறி வர வேண்டும். வரலட்சுமியின் கிணறு நிறைந்தாலொழிய அவள் கிணற்றுக்குச் சொட்டு கிடையாது. அமாவாசையன்று வரலட்சுமி மோட்டாரை நிறுத்தினால் இவளும் பைப்பைக் கழற்றிவிடுவாள். ஆடியில் ஒரு நாள் வரலட்சுமி மறதியாகக் கொஞ்சம் அதிக நேரம் மோட்டாரை ஓடவிட்டபோது, ஞானம்மாள் மேட்டிலிருந்து ஓடி வந்து சுவிட்சை அணைத்தாள். யார் கிணற்றில் யார் கை வைப்பது என்று வரலட்சுமி கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சிரித்துவிட்டாள். ஞானம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆவணியும் காய்ந்தது. புரட்டாசிக் கிருத்திகையன்று ஞானம்மாள் குளித்து, தேங்காய் பழம் வெற்றிலையோடு திருத்தணிக்குப் பஸ் ஏறினாள். கூட யாரையும் கூப்பிடவில்லை. முந்நூற்றறுபத்தைந்து படியும் ஏறினாள். மேலே நின்று பார்த்தால் தெற்கே காய்ந்த ஏரிகளும் வெளுத்த கொல்லைகளும் தெரிந்தன. அவர்கள் நிலம் எங்கே என்று கண் தேடியது, அந்தத் தூரத்தில் மேடும் பள்ளமும் தெரியவில்லை.

சன்னிதியில் கூட்டம் நெரித்தது. என்ன வேண்டிக்கொள்வது என்று படியேறும்போதே தீர்மானம் செய்துதான் வந்திருந்தாள். முருகா, மழை பெய்யணும், கிணறு நிறையணும். எந்தக் கிணறு என்று சாமி கேட்டால் சொல்லித்தானே ஆகவேண்டும். அவள் கிணற்றுக்கு வேண்டிக்கொண்டு பிரயோசனமில்லை. அவள் கிணற்றில் எவ்வளவு பெய்தாலும் அது கீழேதான் போகும். மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்த பெயரோடு அவள் தட்டை நீட்டினாள்.

குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "அர்ச்சனை யார் பேருக்கு?" என்றார்.

பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். குருக்கள் இன்னொரு தடவை கேட்டார்.

"வரலட்சுமி" என்றாள்.

"நட்சத்திரம்?"

அதற்கு அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. புருஷனின் நட்சத்திரத்தைக் கேட்டிருந்தால்கூடக் கொஞ்சம் தடுமாறியிருப்பாள். இருபது வருஷமாக எந்த ஜோசியர் வந்தாலும் தன் ஜாதகத்தை ஒரு தடவை காட்டினால், அந்த நட்சத்திரத்தைச் சொல்லி இரண்டு தடவை கேட்டவள் அவள்.

"ரேவதி. மீன ராசி" என்றாள்.